போகப் போகிறவர்

இந்த மாதக் கடைசியோடு போகிறார். போன மாதக் கடைசியோடும் போனார். போன தீபாவளியோடு போனார், அதற்கு முந்திய காமன் கூத்தோடு போனார். தோட்டங்களை நடத்திய அரசாங்க ஜனவசம போய்த் தனியார் கம்பனி வந்த 1992இல், கம்பனிக்காரர்களின் கார் பங்களா வாசலில் திரும்புவதற்குள் போனார் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். இன்றைக்கும் காலையில் கந்தோருக்கு வந்து, குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, நானுஓயா என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். சில இடத்தில் டீ மேக்கர், சில இடத்தில் கணக்கப்பிள்ளை. எங்களுக்கு வாய்த்தவர் பெரிய கிளாக்கர்.

"நோட்டீஸ் குடுத்துர வேண்டியதுதான் தம்பி."

தேத்தண்ணி ஆறிப் போயிருந்தால் இதைச் சொல்வார். செக்ரோலில் அரைப்பேர் கூட்டல் ஒத்துவராவிட்டால் சொல்வார். சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் போகிறபோது இவர் எழுந்து நின்றதைக் கவனிக்காமல் போய்விட்டால், உட்காருவதற்கு முன்பே சொல்வார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிஜமாகவே பதறிப்போனேன். "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க ஐயா" என்று கெஞ்சினேன். அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க எனக்கு வேலை குறைவு.

கடிதம் இருக்கிறது. இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மேசையின் வலது பக்க லாச்சியில், பூட்டுப் போட்ட தட்டில், டைப்ரைட்டரில் கார்பன் வைத்து மூன்று பிரதியாக அடித்த கடிதம். துரைக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. திகதி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புள்ளிக் கோடு. முதலில் அடித்தபோது ஆண்டுக்கு 19 என்று போட்டுப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார். 2000 பிறந்துவிட்டது. நல்ல கடிதம் வீணாகிவிட்டதே என்று ஒரு வாரம் யாரோடும் பேசவில்லையாம். பிறகு 20 என்று போட்டு முழுவதையும் திரும்ப அடித்தார். இந்தப் பிரதி நூறு வருஷம் தாங்கும்.

முதல் கடிதம் அரைப் பக்கம்தான். ஆனால் "எனது சேவையைப் பற்றி" என்று அதில் ஒரு பத்தி உண்டு, தோட்டத்தில் ஏதாவது நடந்தால் அந்தப் பத்தியும் வளரும். 1984இல் சேர்ந்தது ஒரு வரி. ஜனவசம கணக்கை மூடிக் கம்பனிக் கணக்கைத் திறந்தது நான்கு வரி. கம்ப்யூட்டர் வந்தது ஒரு முழுப் பக்கம். கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே போயிருக்க வேண்டியவர், அது போடும் கணக்குச் சரியா என்று கையால் போட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே என்று நின்றுவிட்டார். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானபோது ஒரு பத்தி. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 ரூபா என்று அறிவித்து, கம்பனிகள் நீதிமன்றம் போய், கடைசியில் செப்டம்பரில் அது 1,350 ரூபாவில் வந்து நின்றதே, அதற்கு இரண்டு பத்தி. "மூணு தடவை சம்பள ஷீட்டை மாத்தியிருக்கேன். இத எழுதாமப் போனா அது நோட்டீஸா?" என்று கேட்டார். இப்போது கடிதம் நான்கு பக்கம்.

சரி, எழுதியதைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்குத் தோட்டக் கந்தோரின் நடைமுறை தெரியாது. துரைக்கு வருகிற கடிதம் துரைக்கு வராது. தப்பால்காரர் பையைக் கொண்டுவந்து வைப்பார். பெரிய கிளாக்கர் திறப்பார். உறையைக் கிழிப்பார், வாசிப்பார், முத்திரை குத்துவார், வரவுப் பதிவேட்டில் ஏற்றுவார், ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுவார். அதற்குப் பிறகுதான் அது துரை மேசைக்குப் போகும். ஆக, பெரிய கிளாக்கர் கொடுக்கும் நோட்டீஸ் முதலில் பெரிய கிளாக்கருக்குத்தான் கிடைக்கும்.

ஒரு தடவை அனுப்பியும் விட்டார். இது என் கண் முன்னால் நடந்தது. எதற்கென்று ஞாபகமில்லை, துரையோடு ஏதோ மனஸ்தாபம். லாச்சியைத் திறந்தார், உறையில் போட்டார், முத்திரை ஒட்டித் தப்பால் பையில் போட்டார். "நேரா குடுத்தா என்னய்யா, அந்தா இருக்கு துரை ரூமு" என்றேன். "முறைன்னு ஒண்ணு இருக்கு தம்பி" என்றார். கடிதம் ஆறு மைல் இறங்கித் தபாற் கந்தோருக்குப் போனது. அடுத்த நாள் அதே பையில் அதே ஆறு மைல் ஏறி வந்தது. வழக்கம்போல உறையைக் கிழித்தார். தெரியாத ஒருவர் எழுதியதைப் படிப்பதுபோல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் படித்தார். இரண்டாம் பக்கத்தில் தலையை ஆட்டினார். முடித்துவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தவர், ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: "திகதி இல்லை. அனுப்பியவருக்குத் திருப்புக."

வரவுப் பதிவேட்டில் ஒரு வரி, செலவுப் பதிவேட்டில் ஒரு வரி, இரண்டையும் நான்தான் எழுதினேன். திரும்பி வந்த கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். "பாத்தியா, அவசரத்துல செஞ்சா இப்பிடித்தான்" என்று எனக்குப் புத்தி சொன்னார்.

திகதி போடுவதில்தான் சிக்கல். நல்ல திகதி அமையவே மாட்டேன் என்கிறது. தை முதல் பங்குனி வரை நம் பக்கத்துக்குத் தரமான தேயிலைக் காலம், கொழும்பு ஏலத்தில் நல்ல விலை ஓடும், அந்த நேரத்தில் எப்படிப் போவது? சித்திரை, வைகாசியில் கொழுந்து கொட்டும். கைக்காசுக் கணக்கு மலையாகக் குவியும். ஆனி, ஆடியில் மழை. மழையில் சாமான் ஏற்றினால் கட்டில் கால் ஊறிப்போகும். ஆவணியில் ஒரு சந்து இருக்கிறது. ஆனால் குவாட்டர்ஸ் தோட்டத்தில் போட்ட கோவா அப்போதுதான் முற்றும். வெட்டிவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், வெட்டிய கையோடு லீக்ஸ் நட்டுவிடுவார். புரட்டாசியில் தீபாவளி அட்வான்ஸ் பட்டியல் ஆரம்பம். இந்த அட்வான்ஸ்தான் இருப்பதிலேயே பெரிய காரணம். "நான் குடுத்த அட்வான்ஸை நான்தானே பிடிக்கணும்? பாதியில விட்டுட்டுப் போனா வர்றவன் என்னா நெனைப்பான்?" நியாயம்தான். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து முடிக்கும்போது அடுத்த தீபாவளி வந்து வாசலில் நிற்கும். புதுப் பட்டியல், புது அட்வான்ஸ். இந்தச் சக்கரத்தில் அவர் இறங்குவதற்கு ஒரு நாள்கூட இல்லை.

துரைமார் மாறும்போதும் இதே கதைதான். புதிதாக வந்தவரிடம் கொடுத்தால் பொடியன் பயந்துபோவான். பழகியவரிடம் கொடுத்தால் மனது நோகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு துரையைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று காத்திருப்பதற்குள் அவருக்கு மாற்றம் வந்துவிடும். எத்தனை துரைமாருக்குப் பிரியாவிடைப் பேச்சு எழுதியிருக்கிறார்! ஒவ்வொன்றிலும் "அடியேனும் விரைவில்" என்று ஒரு வரி இருக்கும். அவருடைய வீட்டம்மா அரசாங்கப் பள்ளிக்கூடத்து டீச்சர். அறுபது முடிந்த அன்று மாலை போட்டார்கள், குத்துவிளக்குக் கொடுத்தார்கள், வந்துவிட்டார், பென்ஷன் வருகிறது. "அரசாங்கத்துல அது சுலுவு" என்பார் கிளாக்கர், கொஞ்சம் இளக்காரமாக.

டெய்லர் துரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பகல் சாப்பாடு தள்ளிப்போகும். இந்த நாட்டில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டுத் தொடங்கி வைத்த ஜேம்ஸ் டெய்லர்தான். பதினாறு, பதினேழு வயசில் ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் வந்தவர், ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் காலை வைத்தவர், நாற்பது வருஷம் அங்கேயே இருந்தார். கடைசியில் தோட்டத்தை வைத்திருந்த கம்பனி அவரைப் போகச் சொன்னது. இந்த இடத்தில் எங்கள் கிளாக்கரின் குரல் தணியும். "சிக் லீவு எடுன்னான். எனக்கு ஒரு சீக்கும் இல்லன்னாரு. ராஜினாமா எழுதுன்னான். எழுத மாட்டேன்னாரு. 1892 மே ரெண்டாந் தேதி, லூல்கந்துரையிலேயே உயிர் போச்சு. 246 இறாத்தல் ஆளு. தொழிலாளிமாருதான் ஆள் மாத்தி ஆள் மாத்தித் தூக்கிக் கண்டி மஹய்யாவை வரைக்கும் கொண்டு போனாங்க. சாமித் தொரைன்னு கூப்பிடுவாங்க அவர." ஒரு மூச்சு விடுவார். "நாப்பது வருசம்! நோட்டீஸ் குடுத்தாரா?"

தேயிலைச் சரித்திரத்தில் எத்தனையோ இருக்க, இந்த மனிதருக்கு டெய்லர் விட்டுப்போனது அந்த எழுதாத ராஜினாமாவைத்தான்.

இன்னும் இருக்கிறது அவரிடம், வெற்றிலைச் செல்லம், பாட்டரி போகாத பழைய ரேடியோ, துரையின் நாய்க்குப் பயப்படுவது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பாவம். நம் ஆட்களின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, செக்ரோலில் ஒரு மாதிரி இருக்கும். ராமாயி ஒரு கடதாசியில் ரமாயாகவும் இன்னொன்றில் ராமையாவாகவும் ஆகியிருப்பாள். ஈ.பி.எப். காசு எடுக்கப் போனால் மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். எங்கள் கிளாக்கருக்கு அந்த மூன்று பேரையும் தெரியும். எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் யார் பிறந்தார்கள், எந்தக் கங்காணி எழுத்துக் கூட்டத் தெரியாமல் எந்தப் பெயரைச் சிதைத்தார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சத்தியக் கடதாசி எழுதிக் கொடுப்பார். அந்தத் தலைக்குள் இருப்பது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. அவர் போய்விட்டால் பாதித் தோட்டத்துக்குத் தாங்கள் யார் என்று நிரூபிக்க ஆளிருக்காது.

ஆனால் இந்தத் தலையை வைத்துக்கொண்டுதான் அவர் ஓர் ஆத்தாவை அலைய விட்டார். இதை எனக்குச் சிரித்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

கொழுந்தெடுக்கிறவள் வேலையை விடுவதற்கு நான்கு பக்கக் கடிதம் கிடையாது. அரைப் பக்கமும் கிடையாது. ஒருநாள் பெரட்டில் பேர் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். கூடையை மகளிடம் கொடுத்துவிட்டுக் கந்தோர் ஜன்னலுக்கு வந்து நிற்பாள். ஈ.பி.எப். காசுக்குக் கே ஃபோம் நிரப்ப வேண்டும், சேவைக்காலப் பணம் வர வேண்டும். 1983ஆம் வருஷத்துச் சட்டம் தெளிவாக இருக்கிறது: ஐந்து வருஷம் முடித்திருந்தால் போதும், நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், வேலையை விட்ட 30 நாளுக்குள் கையில் கிடைக்க வேண்டும். இந்தச் சட்டத்தை எனக்குப் படிப்பித்தவரே எங்கள் கிளாக்கர்தான். பிரிவோடு, உட்பிரிவோடு சொல்வார். அப்படிப்பட்டவர், ஜன்னலில் நிற்கிற கிழவியிடம், "அடுத்த கிழமை வா ஆத்தா, நானே போகப் போற நேரம், தலைக்கு மேல வேலை கெடக்கு" என்றார். அடுத்த கிழமையும் அவர் போகப் போகிற நேரமாகத்தான் இருந்தது. மழையில் படங்கைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். சிறு பிள்ளையாகக் கொழுந்துக்குப் போனவள். அவள் போய்விட்டாள் என்று எழுத ஒரு மாதம் எதற்கு? அவருடைய போகாத போக்குக்கு இத்தனை கடதாசி, அவள் போன போக்குக்கு ஒரு கடதாசி நகரவில்லை.

இந்த மலையில் போவது என்பது யாருக்கும் சுலபமாக இருந்ததில்லை என்பதும் உண்மைதான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் தொழிலாளிக்கும் ஒரு மாத நோட்டீஸ் இருந்தது, பேப்பரில். பெரிய கங்காணியிடம் பட்ட கடன் அடையாமல் எங்கே போவது? கடன் இவ்வளவு, கட்டினால் விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு கையில் இருந்தால்தான் அடுத்த தோட்டம் சேர்த்துக்கொள்ளும். சொல்லாமல் போனால் மறியல். 1921இல் துண்டுமுறை ஒழிந்தது. அதற்குப் பிறகு பத்துச்சீட்டு, தோட்டம் தானாகக் கொடுத்து அனுப்புவது. ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹட்டன் ஸ்டேஷனில் ஒப்பாரிக் கோச்சி. போக நினைத்தவர்களை விடவில்லை, இருக்க நினைத்தவர்களை ஏற்றி அனுப்பினார்கள். இப்போதுள்ள பிள்ளைகள்தான் இந்தக் கணக்கைத் தீர்க்கிறார்கள்: தைப்பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து ஊருக்கு வந்தவன் மறுநாள் வேலைக்கு வருவதாகப் பேர் கொடுப்பான், அதற்கு மறுநாள் கொழும்பில் கடையில் நிற்பான். நோட்டீஸாவது ஒன்றாவது.

இதையெல்லாம் நினைத்தால் கிளாக்கர் மேல் கோபம் பாதியாகக் குறைகிறது. வேலையோடு வீடு, வீட்டோடு கோவாப் பாத்தி, மாட்டுத் தொழுவம். வேலையை விட்டால் குவாட்டர்ஸ் சாவியையும் கொடுக்க வேண்டும். கொட்டகலையில் துண்டுக் காணி வாங்கிப்போட்டிருக்கிறார். வீடு கட்டுவதற்கு அத்திவாரம் வெட்டினார், அந்தக் குழியில் இரண்டு மழைக்காலம் தண்ணீர் நின்றது. இதைப் பற்றி மட்டும் அவர் பேசுவதில்லை.

2024இல் அறுபது முடிந்தது. கம்பனியிலிருந்து கடிதம் வந்தது, தப்பால் பையில்தான். அவரே கிழித்தார், அவரே படித்தார், அவருக்கு ஓய்வு என்று அவரே தெரிந்துகொண்டார். அன்றைக்கு அவர் பட்ட கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "நான் குடுக்கிறதா இருந்தேன்! லாச்சியில ரெடியா வச்சிருந்தேன்! அதுக்குள்ள இவனுங்க முந்திக்கிட்டானுங்க!" முத்திரையை அந்தக் கடிதத்தின் மேல் குத்திய குத்தில் மேசை அதிர்ந்தது. டெய்லர் துரையும் நானும் இப்போது சமம், நாற்பதுக்கு நாற்பது என்று எல்லோரிடமும் சொன்னார். துரை யோசித்தார். சம்பளப் பட்டியல், அரியஸ், மூன்று பெயர் கொண்ட ராமாயிகள். ஒரு வருஷம் நீட்டிப்புக் கொடுத்தார்கள். டெய்லரைத் தாண்டியாயிற்று.

நீட்டிப்புக் கடிதத்தில் கடைசி வரி, இரு தரப்பில் எவரும் ஒரு மாத முன்னறிவித்தலோடு இதை முடித்துக்கொள்ளலாம் என்பது. அதைச் சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டுக் கண்ணாடிக்குக் கீழே மேசையில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். "எப்ப வேணுன்னாலும் குடுக்கலாம். எழுத்துல இருக்கு."

போன கிழமை எனக்கு ஹட்டன் டவுனில் வேறு வேலை சரியாயிற்று. நானும் நோட்டீஸ் எழுதினேன். மூன்று வரி, திகதியோடு. முறைப்படி அவரிடமே கொடுத்தேன். வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஏதாவது இருக்கும் என்று. "இவ்வளவுதானா?" என்றார். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தினார். முத்திரை குத்தினார், பதிவேட்டில் ஏற்றினார், ஐந்து நிமிஷத்தில் துரை மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தும்விட்டார். அந்த ஆத்தாவின் கே ஃபோமை இந்த வேகத்தில் கொண்டுபோயிருக்கலாமே என்று வாய்வரை வந்தது, கேட்டும் விட்டேன். "அது வேற" என்றார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த சிவப்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"என்னா வேலை செஞ்சிட்ட தம்பி! இந்த மாசக் கடைசியோட போறதா இருந்தேன். இப்ப ஒன் எடத்துக்கு ஆள் வந்து, அவனுக்கு வேலை பழக்கி... ஒன்னால நான் போக முடியாமப் போச்சே!"